பச்சை பீரோவில் என் பத்தாம் வகுப்பு

அந்த எண்ணம் முதன்முதலில் தோன்றியபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். அலமாரியின் மேல்தட்டில் சேலைகளுக்கு இடம் பண்ணும்போது நீலநிறப் பிளாஸ்டிக் பைல் ஒன்று நழுவி என் கால்மேல் விழுந்தது. அட்டையில் நான் வேலை பார்த்த கல்லூரியின் பெயர், அதற்குக் கீழே "உங்கள் கனவு, எங்கள் கடமை" என்று ஒரு வரி. அந்த வரியை எழுதிக் கொடுத்தது நான்தான். உள்ளே ஜேடர்பாளையத்துப் பெண் ஒருத்தியின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், டிசி, சாதிச் சான்றிதழ். எல்லாம் ஒரிஜினல்.

இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்னுடையது வந்துவிடும்.

எனக்கு யோசனைகள் சட்டென்று வரும். வந்ததும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டு, பாதித் தூரம் போன பிறகுதான் எந்தப் பக்கம் ஓடுகிறேன் என்று பார்ப்பேன். இந்த யோசனை வந்தபோது மட்டும் ஓடவில்லை. மடித்த சேலைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் துறையில் நான்கு ஆண்டுகள் உதவிப் பேராசிரியராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பத்தாம் வகுப்பு முதல் எம்.இ. வரை என் ஒரிஜினல் சான்றிதழ்கள் அத்தனையையும் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். "விருப்பத்துடன் ஒப்படைக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். என்னோடு சேர்ந்தவர்களும் கொடுத்தார்கள். ஆபீசில் ஒரு பச்சை பீரோ உண்டு. என் பைல் அதில் இரண்டாவது தட்டில் போய் உட்கார்ந்தது. நான்கு வருடத்தில் அதைப்பற்றி ஒருநாள்கூட நான் நினைத்ததில்லை.

கோடை வந்தால் எங்களுக்குப் பாடம் கிடையாது, கேன்வாஸிங்தான். ஆளுக்கு நாலைந்து ஊரும், இத்தனை அட்மிஷன் என்று ஒரு டார்கெட்டும் பிரித்துக் கொடுப்பார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு தேடிப் போய் எங்கள் கல்லூரிக்கு வாருங்கள் என்று பேச வேண்டும். மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். நான் சலிக்கவில்லை; எனக்கு அது பிடித்திருந்தது. ஊருக்கு ஊர் வரைபடம் போட்டு, ஸ்கூட்டியில் போய், ஒரே நாளில் ஒன்பது வீடு முடிப்பேன். பிள்ளையின் ஒரிஜினல்களைக் கையோடு வாங்கிவிட்டால் அது வேறு கல்லூரிக்குப் போக முடியாது, சீட் உறுதி. ஆனால் பெற்றோர் காகிதத்தை எடுத்துக் கொடுக்கத் தயங்குவார்கள். கல்லூரிப் பெயர் போட்ட நல்ல பைலில் அவர்கள் கண்முன்னாலேயே வைத்து, பொத்தானைப் போட்டுக் காட்டினால் தயங்கமாட்டார்கள் என்று கூட்டத்தில் நான்தான் சொன்னேன். முதல்வர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். நீல பைல்கள் அப்படி வந்தவை.

இந்த வருடம் கேன்வாஸிங் முடியும் தறுவாயில் ஒரு வியாழக்கிழமை மதியம் ஸ்டாஃப் மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். துறைகளை இணைக்கிறோம் என்று ஒருவர் பேசினார். பிறகு ஒரு பட்டியலை வாசித்தார். என் பெயர் வந்தபோது என் வாயில் பாதிச் சமோசா இருந்தது. விருது எதற்கோ வாசிக்கிறார்கள் என்றுதான் அந்த ஒரு நொடி நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் என் கையைத் தொட்ட பிறகுதான் விளங்கியது. நாளையிலிருந்து வர வேண்டாம்.

மறுநாளே ஆபீசுக்குப் போய் என் பைலைக் கேட்டேன். ஆபீஸ் சூப்பிரண்டு மோசமான மனிதர் அல்ல. இடுப்பில் சாவிக்கொத்து, சட்டைப்பையில் மூக்குப்பொடி டப்பா. என் தீபாவளி இனிப்பை நான்கு வருடம் சாப்பிட்டவர்.

"தர்றதுதானுங்க மேடம்," என்றார். "ஒரே ஒரு அட்மிஷன் போட்டுட்டு வாங்கிட்டுப் போயிருங்க."

"என்னையத்தான் வேலைய விட்டு நிறுத்தியாச்சுங்களே சார். நான் எதுக்குங்க அட்மிஷன் போடோணும்?"

"உங்க டார்கெட்டுல ஒண்ணு கொறையுதுங்க. கொறையோட பைல வெளிய உடக்கூடாதுன்னு மேல சொல்லிப்போட்டாங்க."

"டிபார்ட்மென்டே இல்லைன்னுட்டு எந்த டிபார்ட்மென்டுக்குங்க ஆள் சேக்கறது?"

அவர் பொடி டப்பாவைத் தட்டினார். "சேரும்போது உங்க டிபார்ட்மென்டு. சேந்ததுக்கப்பறம் எதுல உக்கார வெக்கறாங்களோ, அதுங்க மேடம்."

நான் கத்திவிட்டு வந்தேன். எதையோ வெட்டிவிடப்போகிறவள் மாதிரி பஸ் ஏறினேன். எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டை வந்து சேருவதற்குள் கோபம் தீர்ந்துபோயிருந்தது.

வீட்டில் அம்மா அதற்குள் ஏற்பாடு பண்ணிவிட்டாள். தெருவில் எல்லோரிடமும் செமஸ்டர் லீவு என்று சொல்லியாயிற்று. ஜாதகம் மூன்று இடத்துக்குப் போயிருந்தது. அதில் உதவிப் பேராசிரியர் என்று போட்டிருந்தது. "நீ பாட்டுக்கு வெளிய வந்து நிக்காத சாமி. மொகத்தப் பாத்தாலே கண்டுபுடிச்சுருவாங்க," என்றாள். அதனால் நான் வீட்டுக்குள் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் வாசலைத் தாண்டும் முன்னால் முகத்தை லீவு முகமாக மாற்ற வேண்டும். அது எனக்கு வரவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே பதினான்கு காலடி. எண்ணியிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் சேலத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அஸ்தம்பட்டியில், மாடியில், ஒரு சிறிய கம்பெனி. கோழிப்பண்ணைக் கொட்டகைகளுக்கு வெப்பம், விளக்கு, தண்ணீர் எல்லாவற்றையும் தானாகப் பார்த்துக்கொள்ளும் போர்டு செய்கிறார்கள். ஒரு போர்டைக் கையில் கொடுத்து இதில் என்ன கோளாறு என்று கேட்டார்கள். பத்து நிமிடத்தில் சொன்னேன். கூடவே இரண்டு யோசனையும் சொன்னேன், யாரும் கேட்காமலே. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. மகிழ்ச்சியில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமைக்குள் ஒரிஜினல்களைக் காட்டிவிட்டால் போதும், பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார்கள்.

நகல் இருக்கிறது, ஒரிஜினல் பழைய கல்லூரியில் இருக்கிறது என்றேன்.

ஆள் எடுக்கும் பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். பேனாவை மூடினார். "வேலைய விட்டு நின்னதுக்கப்பறமும் குடுக்கலீங்களா? எங்களுக்குச் சங்கடமா இருக்குதுங்க மேடம். அங்க என்ன பிரச்சனை பண்ணிட்டு வந்தீங்கன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?"

பிரச்சனை பண்ணாமல் இருந்ததுதான் என் பிரச்சனை என்று படி இறங்கும்போது தோன்றியது. ஏற்காடு ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. எல்லோருக்கும் போக ஓர் இடம் இருந்தது.

வீட்டுக்கு வந்து இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஆவணம் தொலைந்துவிட்டது என்று இணையத்தில் புகார் பதிவு செய்தால் அதை வைத்து நகல் சான்றிதழ் வாங்கலாமாம். பெயர், முகவரி எல்லாம் நிரப்பிவிட்டேன். தொலைந்த இடம் என்று ஒரு கட்டம். அங்கே விரல் நின்றுவிட்டது. தொலையவில்லையே. எங்கே இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியுமே: பச்சை பீரோ, இரண்டாவது தட்டு, இடது ஓரம். மூடிவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, காலில் விழுந்த பைல். அந்தப் பெண்ணின் ஒரிஜினல்களை வாங்கி வந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. மீட்டிங் அன்று காலையில் ஆபீசில் ஒப்படைக்க எடுத்து வைத்தவள், மறந்து போய்விட்டேன். வேலை போன அதிர்ச்சியில் அது அலமாரியில் கிடந்ததே நினைவில்லை. இப்போது கணக்கு நேராக இருந்தது. அவளுடைய பைல் உள்ளே போனால் என்னுடையது வெளியே வரும். சனிக்கிழமை அஸ்தம்பட்டி.

பைலை மறுபடியும் மேல்தட்டில் வைத்தேன். வைத்த இடத்தை அடிக்கடி பார்த்தேன்.

புதன்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் வெளியே வந்தேன். அப்பா லாரி டிரைவர். ஓனர் வெறும் சேசிஸாக, சட்டமும் சக்கரமுமாக, வாங்கிய புது வண்டிக்குப் போன மாதம்தான் நாமக்கல்லில் பாடி கட்டினார்கள். முதல் டிரிப்பிலிருந்தே டேஷ்போர்டில் பிரேக் சம்பந்தமான ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ராசிபுரம் ரோட்டில் லாரிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் வண்டியை விட்டிருந்தார். பட்டறைக்காரர் சேலம் டவுனிலிருந்து வந்து கடை போட்டவர்; டிரைவர்கள் எல்லோருக்கும் அவர் பாய்.

"பாய், இது என்ற பொண்ணு. காலேஜ்ல இதத்தான் பாடம் எடுக்குது," என்றார் அப்பா. எடுத்தது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"வாங்க டீச்சரம்மா," என்றார் பாய், வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி. "ரெண்டு நாளா இந்த லைட்டு அணைய மாட்டேங்குது. கொஞ்சம் அதட்டிப் பாருங்க."

பட்டறையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரமாக வீட்டுக்குள் நடந்த கால்கள் வேறு. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, அவர்கள் கையில் இருந்த டெஸ்ட் லேம்பை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். அது ஒரு சாதாரண பல்பு. ஒரு பக்கம் ஊசி, ஒரு பக்கம் கவ்வி. கரண்ட் வருகிறதா என்று பார்க்க எந்த வயரிலும் குத்திப் பார்ப்பார்கள். நானும் குத்தினேன், பழக்கப்பட்டவள் மாதிரி, கிடைத்த முதல் வயரில்.

மேலே கேபினில் இருந்து அப்பாவின் குரல் வந்தது. "கண்ணு... இங்க கலர் கலரா எரியுது."

பாய் எட்டிப் பார்த்தார். "இருந்தது ஒரு லைட்டு. இப்ப நாலு. டீச்சரம்மா கை வெச்சதும் நல்ல விருத்தி."

சிரிப்பு அடங்க நேரமானது. எனக்குக் காரணம் அந்த நொடியே தெரிந்தது, அதுதான் அவமானம். புதிய வண்டிகளில் சில வயர்கள் கரண்டு கொண்டுபோவதற்கல்ல, சென்சார் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவதற்கு. அதில் பல்பைக் குத்தினால் கம்ப்யூட்டர் மிரண்டு போகும். ஒவ்வொரு செமஸ்டரும் இதை நானே இரண்டு மார்க் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். லாரிக்கு அடியில் மட்டும் ஞாபகம் வரவில்லை.

"நீ வெளிய வா சாமி, சோறு ஆறுது," என்றார் அப்பா மெதுவாக.

நான் வெளியே வரவில்லை. போனில் அந்த வண்டியின் வயரிங் படத்தைத் தேடி எடுத்தேன். முழுக்க ஆங்கிலம், பக்கம் பக்கமாகக் கோடுகள். எனக்குக் கதைப் புத்தகம் மாதிரி அது. ஒரு மணி நேரம் கோட்டைப் பிடித்துக்கொண்டே வண்டியின் வால்வரை ஊர்ந்தேன். கடைசியில், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. பிரித்தேன். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர். அதில் ஒன்றை வெட்டி, பாடியின் ஓரத்தில் வைக்கும் அலங்கார விளக்குக்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள்.

"பாய், இங்க வாங்க," என்றேன். "முறுக்கிக்கிட்டு வர்ற வயர் கரண்டுக்கு இல்லீங்க, சேதிக்கு. இதுல லைட்டு போட்டா சக்கரம் சொல்றது மேல போய்ச் சேராது."

அவர் மல்லாந்து படுத்தபடியே அந்த முடிச்சை ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த மாசம் இதே கம்ப்ளெயின்ட்டோட மூணு வண்டி வந்துச்சும்மா. மூணையும் கம்பெனி சர்வீசுக்கு அனுப்பிச்சிட்டேன்." பிறகு, "முறுக்கினது சேதி. சரி. இன்னும் எத்தனை இருக்கு அப்படி?"

பட்டறைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் அட்டையைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். எந்த வயரில் விளக்குக்கு எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது, என்னென்ன நிறம், எல்லாம் தமிழில். வெட்டிய வயரை மறுபடி இணைத்துவிட்டு, கோளாறு படிக்கும் அவருடைய ஸ்கேனரை வைத்து, நான் ஏற்றிவைத்த மூன்று விளக்குகளையும் அணைத்தேன். பழைய விளக்கும் அணைந்தது. அப்பா கேபினிலிருந்து இறங்கவே இல்லை, ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை பாடி கட்டப்போற சேசிஸ் மூணு வருது, வயரிங் நம்மகிட்ட," என்றார் பாய். "வந்து பாரும்மா. ஒத்து வந்தா இருங்க. வரலைன்னா நானே சொல்லிடுவேன்."

"என்னென்ன கொண்டுவரணும் பாய்?" என்றேன். பழக்க தோஷம், சான்றிதழைத்தான் மனதில் வைத்துக் கேட்டேன்.

"சாப்பாடு," என்றார்.

இதைப் படிக்கிறவர்கள் நான் அன்றே துள்ளிக் குதித்திருப்பேன் என்று நினைக்கக்கூடும். இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் எம்.இ. படித்துவிட்டு லாரிக்கு அடியில் படுப்பதா என்றுதான் ஓடியது. அஸ்தம்பட்டி மாடியும் சுழல் நாற்காலியும் கண்ணில் நின்றன. ஒரு பைல் தூரம்தான் அது.

வியாழக்கிழமை போன் வந்தது. ஜேடர்பாளையத்துப் பெண்ணின் அம்மா. அவர் அங்கே வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையில் வேலை செய்கிறவர். பின்னால் இயந்திரம் கரும்பை நெரிக்கும் சத்தம் கேட்டது.

"மேடம், நல்லா இருக்கீங்களா? புள்ளைக்கு நாமக்கல்ல கவர்ன்மென்ட் காலேஜ்ல எடம் வந்திருக்குதுங்க. பிஎஸ்சி, பிசிக்ஸுன்னு சொல்லுது. சனிக்கெழமைக்குள்ள டிசி கொண்டாரச் சொல்றாங்களாம். நீங்க இன்ஜினீயரிங்குதான் நல்லதுன்னீங்க. எங்களுக்கு என்னங்க தெரியும். நீங்க எதச் சொல்றீங்களோ அதுதானுங்க சாமி."

அவருக்கும் சனிக்கிழமை. எனக்கும் சனிக்கிழமை.

உங்கள் பெண் சேரப்போகும் துறையே அங்கே இல்லை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். "நாளைக்குச் சொல்றேனுங்க," என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. கேன்வாஸிங் குரல் அது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் அவசரம்.

வெள்ளிக்கிழமை காலையில் நீல பைலைப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். மறைப்பானேன், கொடுக்கத்தான் போனேன். வழியெல்லாம் எனக்கு நானே பாடம் எடுத்தேன். அந்தப் பெண் எப்படியும் எங்கேயாவது படிக்கப்போகிறாள். கம்ப்யூட்டர் துறையில் உட்கார வைத்தால்தான் என்ன, அதுவும் நல்லதுதான். நான் கொடுக்காவிட்டால் வேறு யாராவது வேறு பெண்ணைக் கொண்டுவரப்போகிறார்கள்.

அடையாள அட்டை இல்லாததால் வாட்ச்மேன் என்னைப் பார்வையாளர் பதிவேட்டில் எழுதச் சொன்னார். வந்த காரணம் என்ற இடத்தில் "அட்மிஷன்" என்று எழுதினேன்.

சூப்பிரண்டுக்கு என் பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியுமுங்க மேடம். நீங்க கெட்டிக்காரங்க." சாவிக்கொத்தை எடுத்துப் பச்சை பீரோவைத் திறந்தார். பழைய காகித வாசனை. நான்கு தட்டிலும் நெருக்கி நெருக்கிப் பைல்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெயர். என்னுடையதை உருவி மேசைமேல் வைத்தார். திறந்தேன். மேலேயே என் பத்தாம் வகுப்பு. இரட்டைப் பின்னலோடு, போட்டோ எடுப்பவர் சிரிக்காதே என்று சொன்னதால் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கும் முகம். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாம் இருந்தன. பைலின் ஒரு ஓரத்தில் என் கை. இன்னொரு ஓரத்தில் அவர் கை, எடுக்காமல்.

"இத்தனையும் இங்கயே கெடக்குதுங்களா சார்?"

"என்ற பைலே கெடக்குதுங்க மேடம்," என்றார் சாதாரணமாக. "கடேசித் தட்டு. பதினோரு வருசமாச்சு."

"சாவி உங்ககிட்டத்தானேங்க இருக்குது?"

அவர் சாவியைப் பார்த்தார், முதல் தடவை பார்ப்பது போல. "இருந்தா?" என்றார். பிறகு கையை நீட்டினார். "குடுங்க. உங்க எடம் காலியாகுதல்ல, அந்தப் பொண்ணோடத அங்கயே சொருகிக்கலாம்."

இரண்டாவது தட்டில், இடது ஓரத்தில், ஒரு விரல்கடை அகலத்துக்கு இருட்டாக ஒரு சந்து இருந்தது. நான் பையின் ஜிப்பைத் திறந்திருந்தேன். நீல பைலின் முனை வெளியே வந்திருந்தது. அதன் பொத்தானைப் போட்டுக் காட்டியபோது அந்தப் பெண்ணின் அம்மா முகத்தில் தெரிந்த நிம்மதி அப்போது ஞாபகம் வந்தது.

ஜிப்பை மூடினேன்.

"இல்லீங்க சார்."

"என்னங்க மேடம் வெளையாடறீங்க? டிசி மட்டும் இருந்தாக்கூடப் போதுங்க. மத்ததெல்லாம் அப்பறம் வாங்கிக்கலாம்."

"இல்லீங்க."

"அப்ப இதுவும் இல்லீங்களே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் விரல்களுக்கு அடியிலிருந்து பைலை மெதுவாக இழுத்து, அதே சந்தில் சொருகி, பீரோவைப் பூட்டினார். பூட்டும் சத்தம் சின்னதுதான். இரண்டு நாளாகியும் காதில் இருக்கிறது.

அங்கிருந்து நேராக ஜேடர்பாளையம் போனேன். ஆலைக் கொட்டகையில் கொப்பரையிலிருந்து பாகு ஊற்றிக்கொண்டிருந்த நேரம். அந்த அம்மா கை பிசுபிசுப்போடு வெளியே வந்தார். பெண்ணும் இருந்தாள். பைலை நீட்டி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்: துறை மூடுகிறது, என் வேலை போய்விட்டது, கவர்ன்மென்ட் காலேஜுக்கே போகட்டும்.

நன்றி சொல்வார் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், வேலை போயி எத்தன நாளாச்சு?"

"மூணு வாரமுங்க."

"அப்ப மூணு வாரமா எங்க புள்ளையோட டிசிய எதுக்குங்க நீங்க வெச்சிருந்தீங்க? நேத்து போன்லயே சொல்லியிருந்தா இன்னைக்கு ஆலைக்கு வராம நாமக்கல் போயிருப்பனே. நாளைக்குக் கடேசி நாளு. பஸ்ஸு கிஸ்ஸு கெட்டுப்போச்சுன்னா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெண் ஓர் ஓரமாக உட்கார்ந்து பைலைத் திறந்து ஒவ்வொரு காகிதமாகச் சரிபார்த்தாள். காலையில் நான் புரட்டியது போலவே, அவசரமில்லாமல்.

"நீங்களே பாடம் எடுப்பீங்கன்னு சொன்னீங்க மேடம்," என்றாள், நிமிராமல்.

"சொன்னேன்."

"இப்ப நீங்க எங்கீங்க மேடம்?"

"தெரியல," என்றேன். அந்தக் கொட்டகையில் நான் சொன்னதிலேயே சுத்தமான வார்த்தை அது.

மறுநாள் மதியம் அவள் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "சேர்ந்தாச்சு மேடம்." அவ்வளவுதான். அதே மாலை அஸ்தம்பட்டியிலிருந்து போன் வந்தது. இன்னொருவரை எடுத்துவிட்டார்களாம், மரியாதையாகச் சொன்னார்கள். நான் சொன்ன இரண்டு யோசனைகளில் ஒன்றைச் செய்து பார்க்கிறார்களாம். அதையும் மரியாதையாகச் சொன்னார்கள்.

இன்று ஞாயிறு. என் சான்றிதழ்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. அவை இல்லாமல் நான் எந்தக் கல்லூரி வாசலிலும், எந்தக் கம்பெனி மாடியிலும் ஏற முடியாது. படுத்தால் பீரோவுக்குள் படுத்திருப்பது போலத்தான் இருக்கிறது. காலையில் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எட்டு முறை கிழித்துப் போட்டு, ஒன்பதாவதில் கோபத்தை எல்லாம் எடுத்துவிட்டேன். என்னுடைய இன்னின்ன ஒரிஜினல்கள் உங்களிடம் இருக்கின்றன, திருப்பித் தாருங்கள், தரமுடியாதென்றால் உங்களிடம் இருப்பதையும் ஏன் தரமுடியாது என்பதையும் எழுத்தில் தாருங்கள் என்று மட்டும். ஒரு நகல் பல்கலைக்கழகத்துக்கு. நாளை ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் போடவேண்டும். தபால் ஆபீஸ் திறக்க ஒன்பதரை ஆகும். பட்டறை எட்டு மணிக்கு. வேலைக்குப் போகும் முதல் நாளே பாயிடம் அரை மணி நேரம் அனுமதி கேட்க வேண்டும். கேட்பேன்.

பட்டறைக்குப் போவதை அம்மாவிடம் சொல்லியாயிற்று. கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு, "அக்கம்பக்கத்துல கேட்டா என்ன சொல்றது? லாரி ஆபீசுன்னு சொல்லிரட்டுமா?" என்றாள்.

"பட்டறைன்னே சொல்லும்மா."

"ஜாதகத்துல?"

"அதுலயும்."

எழுந்து உள்ளே போனாள். அப்பாவின் பெரிய டிபன் கேரியரைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அப்பா நாளை ஊரில் இல்லை.

பையில் பழைய சுடிதார், துணி டேப், கல்லூரி லேபுக்காக நானே வாங்கிவைத்த மல்டிமீட்டர். அதற்குப் புது பேட்டரி போட்டாயிற்று. ஸ்டாப்ளர் பின்னையும் பழைய பேனா முனையையும் வைத்து, வயரைக் கிழிக்காமல் உள்ளே தொடுகிற மெல்லிய ஊசி ஒன்று செய்து பார்த்திருக்கிறேன்; வேலை செய்யுமா என்று தெரியாது. எட்டு மணிக்கு முதல் சேசிஸ் வரும். அதன் பின் சக்கரத்திலிருந்து தொடங்கி முறுக்கு வயர்கள் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு டேப் சுற்றிக்கொண்டே முன்னால் வரவேண்டும், பாடி கட்டுகிறவர்களின் கத்தி அதன் மேல் படும் முன்னால். டெஸ்ட் லேம்பை யாராவது நீட்டினால் வாங்கமாட்டேன்.